சும்மா நின்றவன் புதுமுகமா?

ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளின் ஹாக்கி லீகுக்கு இப்போது கைப்பேசிச் செயலி வந்துவிட்டது. ஆட்டக்காரரின் பெயர், பிறந்த தேதி, ஆடும் இடம், ரத்த வகை எல்லாவற்றையும் கேட்கிறதாம். ரத்த வகை எதற்கு என்று புதிய செயலாளர் ஃபைசலைக் கேட்டேன். "யாருக்கு சார் தெரியும்? நிரப்பாம வுட்டா அடுத்த பக்கம் போவ மாட்டேங்குது" என்றான். அவன் என்னைப் போனில் கூப்பிட்டது வேறொரு கட்டத்துக்காக. 'புதுமுகமா? ஆம், இல்லை' என்று இரண்டு வட்டங்கள் போட்டு, ஒன்றைத் தொடச் சொல்கிறதாம்.

"போன வருஷம் பூரா பெஞ்சுல உக்காந்திருந்தவன் புதுமுகமா சார்?"

"உக்காந்திருந்தா புதுமுகம்தான்."

"கிரவுண்டுல எறங்கினான், ஆனா பந்தையே தொடலைன்னா?"

"அப்ப இல்ல."

"தொடவே இல்ல சார்!"

"நின்னான் இல்ல? நின்னவன் ஆடுனவன். அதான் ரூல்."

"இன்னா சார் இது, இப்படி ஒரு ரூலு? யாரு போட்டது?"

ஓய்வு பெற்றவனிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கக் கூடாது. நான் பதிலை ஆரம்பித்தபோது ஃபைசல் பஸ் ஸ்டாண்டில் இருந்தான். நான் முக்கியமான இடத்துக்கு வருவதற்குள் பஸ் வந்துவிட்டது. என் மனைவி, "பாவம் அந்தப் பையன், எழுதியாவது குடுங்க" என்றாள். எழுதினால் நான் வீட்டில் பேசாமல் இருப்பேன் என்பது அவளுடைய கணக்கு. அதனால் எழுதுகிறேன்.

நான் ஹாக்கி ஆடுவதற்காக ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்கு எடுக்கப்பட்டவன். இதைச் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் என் தொப்பையைப் பார்த்துவிட்டு மரியாதைக்குத் தலையாட்டுகிறார்கள். கல்லூரி அணியில் நான் லெஃப்ட் பேக். ஒரு போட்டியைப் பார்க்க வந்த கம்பெனிக்காரர்கள், என் பக்கமாக எதிரணி ஊடுருவவே முடியவில்லை என்று வியந்துபோனார்கள். உண்மையில் அன்று எதிரணியின் ரைட் விங் ஆட்டக்காரனுக்கு வயிற்றுப்போக்கு. எனக்கு வேலை கிடைத்தது. உட்கார ஒரு மேசையும் தொழிலாளர் நலப் பிரிவில் ஒரு மூலையும் தந்தார்கள். இரண்டாவது சீசனிலேயே முழங்கால் போய்விட்டது. மேசை நிலைத்தது. போன வருஷம் விருப்ப ஓய்வு வாங்கும்வரை அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, கேன்டீன் சாம்பாரைப் பற்றிய புகார்களையும் லீகின் ஆட்டக்காரர் தேர்வையும் கவனித்தேன். சாம்பாரை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

தேர்வுக் குழுவின் தலைவர் கமால் பாய். வாணியம்பாடிக்காரர். ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் தோல்களைத் தரம் பிரிக்கும் பிரிவுக்குத் தலைவர். அவர் ஹாக்கியே ஆடியதில்லை என்று ஒரு கட்சி. ஆடினார், அதைப் பார்த்தவர்கள்தான் அவரைக் குழுவுக்குப் போகச் சொன்னார்கள் என்று இன்னொரு கட்சி. அவரே இரண்டு கட்சியிலும் இருந்தார்.

தரம் பிரிப்பவர்கள் வேலை செய்யும் மேசை வடக்கு ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கும். அந்தப் பக்கத்து வெளிச்சம்தான் நாள் முழுக்க ஒரே சீராக இருக்கும். தோலின் நிறத்தைக் கூட்டியும் காட்டாது, குறைத்தும் காட்டாது. கமால் பாய் ஒரு தோலைத் தூக்கி மேசைமேல் விரிப்பார். உள்ளங்கையை முதுகுப் பகுதியில் ஒரு தடவை ஓட்டுவார். வயிற்றுப் பக்கத்தை விரலிடுக்கில் மடித்துப் பார்ப்பார். உண்ணிக் கடி, முள்வேலிக் கீறல், சூட்டுத் தழும்பு எல்லாம் அதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும். தோல் உரிய அடுக்கில் போய் விழும். ஒரு மாட்டின் முழு வாழ்க்கையும் அவர் ஒரு மூச்சு விடுவதற்குள் முடிந்துவிடும்.

ஆட்டக்காரர்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். தேர்வு ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால். குழுவில் மற்றவர்கள் ஷாமியானா நிழலில் நாற்காலி போட்டு உட்காருவார்கள். கமால் பாய் மட்டும் தெற்குக் கோலுக்குப் பின்னால், வலையிலிருந்து சற்றுத் தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வடக்கே பார்த்து நிற்பார். "பக்கத்துலேந்து பாத்தா பந்து தெரியும். பின்னாலேந்து பாத்தாதான் ஆளு தெரியும்" என்பார். முன்வரிசைக்காரர்களை அவர் கண்டுகொள்வதே இல்லை. "அவன எவன் வேணா பாக்கலாம். கோல் போட்டா தெரிஞ்சிடப் போது" என்று எங்களிடம் விட்டுவிடுவார். தடுப்பாட்டக்காரர்கள் அவருடைய சொத்து. வெயில் ஏறியதும், ஆட்டம் பாதியில் இருந்தாலும் சரி, கையைத் தட்டுவார். "போதும்பா. இனிமே எல்லாத் தோலும் ஒரே கலரு."

அவரிடம் இரண்டே தரம்தான். 'அப்பருக்கு ஆவும்' என்றால் ஷூவின் மேற்பகுதிக்கு ஆகும் தோல். அணியில் இடம் உறுதி. 'லைனிங்குக்கு ஆவும்' என்றால் உள்ளே ஒட்டுவதற்கு, பெஞ்சில் உட்காரலாம். ரிஜெக்ட் என்ற சொல்லை ஒரு மனிதன்மேல் அவர் போட்டு நான் கேட்டதில்லை. ஒருநாள் தேநீர் குடிக்கும்போது, தெரியாத்தனமாக, என்னை எதில் போடுவார் என்று கேட்டுவிட்டேன். மேலும் கீழும் பார்த்தார்.

"லைனிங்கு. நல்ல லைனிங்கு."

"காலைத் தொடறது லைனிங்தானே பாய்?" என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

"ஆமா. மொதல்ல கிழியறதும் அதான்" என்று என் முழங்காலைப் பார்த்தார்.

மைதான ஓரத்தில் எப்போதும் கையில் ஒரு புத்தகத்துடன் உட்கார்ந்திருப்பேன் என்பதால் அவர் என்னை 'லைப்ரரி' என்றுதான் கூப்பிடுவார். முழங்காலைச் சொல்லிக் கூப்பிடாமல் விட்டாரே என்று நான் அதற்கு நன்றியோடு திரும்பிப் பார்ப்பேன்.

இனி அந்த ரூல் பிறந்த சீசனுக்கு வருகிறேன். எங்கள் கம்பெனி அணிக்கு ஒரு ஃபுல்பேக் தேவைப்பட்டது. லீகில் அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் என்று குழு யாரைச் சொல்கிறதோ, அவருக்குக் கம்பெனியில் பர்மனென்ட் வேலை. கான்ட்ராக்ட், தற்காலிகம், பார்க்கலாம் என்ற பேச்செல்லாம் இல்லை. ஆம்பூரில் பர்மனென்ட் என்ற சொல்லுக்கு இருக்கும் மதிப்பைப் பெண் பார்க்கப் போனவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஒரே நிபந்தனை, ஆள் புதுமுகமாக இருக்க வேண்டும். அனுபவசாலியை எடுத்தால் முழங்காலையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கிறது என்று நிர்வாகம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. அந்த முடிவுக்கு வர அவர்களுக்கு உதவிய உதாரணம் அதே கட்டடத்தில், தரைத்தளத்தில், ஒரு மூலை மேசையில் உட்கார்ந்திருந்தது.

போட்டியில் கடைசிவரை நின்றவர்கள் இரண்டு பேர்.

ஒருவன் இம்தியாஸ். வாணியம்பாடிப் பையன், அப்போதுதான் கல்லூரி முடித்தவன். ரைட் பேக். நெட்டையாக, நிமிர்ந்து ஆடுவான். எதிரி பந்தோடு வரும்போது பாய மாட்டான்; பின்வாங்கிக்கொண்டே போய், எதிரியே பந்தைச் சற்று அதிகமாகத் தள்ளிவிடும் நேரம்வரை காத்திருந்து, மட்டையைச் சாய்த்து வாங்கிக்கொள்வான். கடைக்காரரிடம் மீதிச் சில்லறை வாங்குவதுபோல இருக்கும். எங்கள் மைதானம் கட்டாந்தரை. எல்லார் சட்டையும் செம்மண் நிறத்தில் திரும்பும்போது இவன் சட்டை இஸ்திரி மடிப்புடன் திரும்பும்.

இன்னொருவன் தணிகைவேல். அரக்கோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ரயில்வே மைதானத்தில் பெரியவர்கள் ஆடுவதை வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தே ஹாக்கி கற்றுக்கொண்டதாகச் சொல்வான். ஆம்பூரில் ஒரு சிறிய ஷூ யூனிட்டில் கான்ட்ராக்டில் பசை ஒட்டும் வேலை. அந்த சீசனோடு அவனுடைய கான்ட்ராக்டும் முடிகிறது. ஊரில் வயல் வேலைக்குப் போகும் அப்பா அம்மாவும், கல்யாணத்துக்கு நிற்கும் அக்காவும் இருந்தார்கள். குள்ளம். லெஃப்ட் பேக்காக நின்றால் பாதி நேரம் தரையில் இருப்பான். பந்தைப் பார்க்கவே மாட்டான், எதிரியின் இடுப்பைப் பார்ப்பான். "பந்து பொய் சொல்லும் சார், இடுப்பு சொல்லாது" என்றான் ஒருமுறை. அதைவிட முக்கியம், வாயை மூட மாட்டான். ஆட்டம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். அவன் ஆடும் நாளில் மைதானத்துக்கு எதிரில் இருந்த பெட்டிக்கடைக்காரருக்குக்கூட அணியில் எல்லார் பெயரும் தெரிந்திருக்கும்.

இருவரில் யார் பெரியவன் என்பதில் டீக்கடை இரண்டாகப் பிரிந்தது.

"இம்தியாஸ் ஆடுனா ஆட்டம் மாதிரியே இருக்காதுய்யா. அவ்வளோ அயகு."

"அயக வெச்சி இன்னா பண்றது? தணிகா இருந்தா கோல் வுழுவாது."

"அவன் கத்தற கத்துல கோல்கீப்பருக்கே காது செவுடாயிடும்."

"செவுடானா இன்னா, கீப்பருக்கு காதா வேணும்?"

"இம்தியாஸ் இங்க்லீஷ்ல ஃபவுல் கேப்பான் தெரியுமா? அம்பயரே யோசிப்பாரு."

"தணிகா ஃபவுலே பண்ண மாட்டான்."

"ஆங், பண்ண மாட்டான்! அவன் தரையில உருள்றப்போ எது காலு எது மட்டைன்னு அம்பயருக்குத் தெரிஞ்சாதானே!"

எனக்கு எந்தக் கட்சி என்று கேட்டால், இருவரும் ஒரே அணியில் வலமும் இடமுமாக நிற்பதைப் பார்க்க வேண்டும் என்பதே என் கட்சி. அதற்கு வழியில்லை. இடம் ஒன்றுதான். மனசைக் கல்லாக்கிக்கொண்டு தணிகைவேலின் பெயரைக் குழுவில் முன்மொழிந்தேன். மைதானத்தில் ஆளைப் பார்த்தபோதே கமால் பாயும் "அப்பருக்கு ஆவும்" என்று சொல்லியிருந்தார். காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் மதியம் அவரே என் மேசைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"லைப்ரரி, ஒரு பேஜார். தணிகா பச்சை இல்ல."

பச்சை என்றால் பச்சைத் தோல், இன்னும் பதனிடாதது. கமால் பாயின் அகராதியில் புதுமுகம் என்ற சொல்லே கிடையாது. லீகில் இன்னும் இறங்காத ஆட்டக்காரன் பச்சைத் தோல். லீக் என்பது ஆலையில் சுற்றும் பெரிய மர டிரம். பச்சைத் தோலை ரசாயனத் தண்ணீரோடு அதில் போட்டுச் சுற்றி எடுத்தால் நீல நிறத்தில் வெளியே வரும். அப்புறம் அதை யாரும் பச்சைத் தோல் என்று விற்க முடியாது. நல்ல தோலோ மட்டத் தோலோ, டிரம்மில் போட்டாயிற்று என்றால் போட்டாயிற்று.

விஷயம் இதுதான். அதற்கு முந்தைய சீசனில் தணிகைவேல் தன் யூனிட் அணியோடு மூட்டை தூக்கப் போயிருந்தான். பட்டியலில் ஆள் குறையக் கூடாது என்று அவன் பெயரையும் கடைசியில் சேர்த்திருந்தார்கள். ஒரு ஆட்டத்தில் முடியப்போகும் நேரம், அவர்கள் ஒரு கோல் முன்னணியில் இருக்கும்போது, கோல்கீப்பரின் விரலில் பந்து பட்டு வீங்கிவிட்டது. வேறு ஆள் இல்லை. அவனுக்குக் காலில் பெரிய பேடைக் கட்டி, தலையில் கவசம் மாட்டி நிறுத்தினார்கள். பந்து அவனிடம் வரவே இல்லை. விசில் ஊதிவிட்டார்கள். எல்லாரும் பார்த்த விஷயம். எல்லாரும் மறந்த விஷயம். கமால் பாய் அன்று அதே கோலுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் மறப்பவர் இல்லை.

"பாய், பந்தையே தொடலையே அவன்."

"டிரம்முல போட்டாங்களா இல்லியா?"

"போட்டாங்க. டிரம் சுத்தலையே!"

"தண்ணி பட்டுச்சி இல்ல?"

"நீங்களே அவன அப்பருக்கு ஆவும்னு சொன்னீங்களே."

"இப்பவும் சொல்றேன். ரெண்டு பேர்ல அவன்தான் ஜாஸ்தி. அதுக்கு இன்னா பண்றது? நான் முப்பது வருஷமா மேசையில நிக்கிறேன் தோஸ்த். ஒரு நாளு, புடிச்ச தோல்னு அடுக்கு மாத்திப் போட்டா, மறுநாள்லேந்து என் கையே என்னை நம்பாது."

நான் விடவில்லை. லீக் தொடங்கிய நாளிலிருந்து புதுமுகத்துக்கு யாரும் இலக்கணம் எழுதி வைக்கவில்லை. ஆடியவன் என்றால் ஆட்டத்தில் ஏதாவது செய்தவன். நின்றவனெல்லாம் ஆடியவன் என்றால் கோல் கம்பத்துக்கும் பர்மனென்ட் வேலை தர வேண்டும் என்று வாதாடினேன். எனக்கு வரும் எல்லாப் பேச்சையும் அன்று பேசினேன். கடைசியில் அவர் மீசையைத் தடவிக்கொண்டு இறங்கி வந்தார்.

"சரி. அவனையே கூப்ட்டு கேப்போம். 'சும்மா நின்னேன்'னு அவன் வாயால சொல்லட்டும். டிரம் சுத்தலன்னு நான் ஒத்துக்கறேன். பச்சைன்னு போட்டுடுவோம்."

அந்த மனிதர் கதவைத் திறந்தே வைத்துவிட்டார். நுழைந்தால் போதும்.

கம்பெனிக்கு வரச் சொல்லியிருந்த தணிகைவேலைக் கேன்டீனில் பிடித்தேன். "தோ பாரு, உள்ள போ. பாய் கேப்பாரு. 'சும்மாதான் நின்னேன் பாய்'னு சொல்லு. வேற எதுவும் பேசாத. ஒரு நாளாவது வாய மூடு."

"சரி சார்."

"சொல்லு பாப்போம்."

"சும்மாதான் நின்னேன் பாய்."

நன்றாகவே சொன்னான். எனக்குப் பாதி உயிர் வந்தது. அவன் அக்கா கல்யாணத்துக்கு என்ன புடவை எடுப்பது என்ற அளவுக்கு மனசு ஓடிவிட்டது.

கம்பெனியின் கூட்ட அறை. சுவர் முழுக்க மாதிரி ஷூக்கள் அடுக்கிய கண்ணாடி அலமாரி. மேனேஜர் ஒரு பக்கம். சென்னையிலிருந்து புதிதாக வந்தவர், எல்லாவற்றையும் சீக்கிரம் முடிக்க விரும்புபவர். கமால் பாய் அலமாரியிலிருந்து ஒரு ஷூவை எடுத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தணிகைவேல் உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றான்.

"தம்பி, போன சீசன்ல பேடு கட்டினு கோல்ல நின்ன இல்ல?" என்றார் பாய்.

"ஆமா பாய்."

"ஆடுனியா, சும்மா நின்னியா?"

நான் அவனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான். அவன் முகத்தில் ஏதோ மாறியிருந்தது.

"ஆடுனேன் பாய்."

நான் இருமினேன். நிஜ இருமலாகவே வந்துவிட்டது. மேனேஜர் எனக்குத் தண்ணீர் பாட்டிலை நகர்த்தினார்.

"பந்து உங்கிட்ட வந்துச்சா?"

"வரல."

"அப்ப இன்னா ஆடுன?"

"வராம பாத்துக்கினேன் பாய்."

கமால் பாய் ஷூவைக் கீழே வைத்தார்.

"வெளக்கமா சொல்லு."

அவனுக்கு அது போதும். மேசைமேல் இருந்த காப்பிக் கோப்பைகளை நகர்த்த ஆரம்பித்துவிட்டான். "இது சங்கர் அண்ணன், லெஃப்ட் பேக்கு. மூச்சு வாங்கிச்சி அவருக்கு. மூச்சு வாங்கினா மனுஷன் பந்து பின்னாலயே போயிடுவான் பாய், அதான் கண்ணுக்குத் தெரியுது. இங்க காலியாயிடுச்சி. நான் கத்துனேன், 'ண்ணா, பந்த வுடு, உள்ள வா'ன்னு. வந்துட்டாரு. அவங்க விங்குக்காரன் நேரா பூந்துடலாம்னு வந்தான், வழி இல்ல. 'வெளிய வுடுண்ணா, ஓடட்டும்'னேன். ஓடுனான். ஓடி கோட்டத் தாண்டிட்டான். அப்பறம் ஒரு ஃப்ரீ ஹிட்டு. எல்லாரும் பயந்து எம் முன்னாலயே வந்து நிக்கிறாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல. 'நவுருங்க, ஆளுக்கு ஒருத்தன புடிங்க'ன்னேன். அவன் யாருக்கு அடிக்கிறதுன்னு பாத்துனே இருந்தான். விசில் அடிச்சிட்டாங்க."

கமால் பாய் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் உன் முதுகுக்குப் பின்னாலதான் நின்னுகினு இருந்தேன். நீ கத்துனது எல்லாம் காதுல வுழுந்துச்சி. பையன் பயத்துல கத்துறான்னு நெனச்சேன்."

"பயமும் இருந்துச்சி பாய்."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அப்போ டெக்னிக்கலா இவர் ஃப்ரெஷர் இல்லை, சரிதானே?" என்றார்.

கமால் பாய் எழுந்து போய்த் தணிகைவேலின் தோளில் கையை வைத்தார். தோலின் முதுகில் ஓட்டுவாரே, அந்தக் கை.

"இவ்ளோ வருஷத்துல இப்படி ஒண்ணு என் மேசைக்கு வந்ததில்ல" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா பச்சை இல்ல. எழுதிக்க லைப்ரரி. நின்னவன் ஆடுனவன்."

ஃபைசல் கேட்ட ரூல் இதுதான். என் கையெழுத்தில்தான் முதன்முதலாக எழுதப்பட்டது. பேனாவை அவ்வளவு அழுத்தி நான் வேறெதையும் எழுதியதில்லை.

வெளியே வராந்தாவில் அவனைப் பிடித்துக் கத்தினேன். "இன்னாடா சொல்லிக் குடுத்தேன்? கேன்டீன்ல சரியா சொன்ன இல்ல?"

"கேன்டீன்ல நீங்க கேட்டீங்க சார். நீங்க அன்னிக்கு அங்க இல்ல. பாய் இருந்தாரு."

"அதனால?"

"அன்னிக்குத்தான் சார், வெளையாட ஆரம்பிச்சதுலேந்து மொத தடவையா, நான் சொன்னத நாலு பேரு கேட்டாங்க. சங்கர் அண்ணன் எங்க மேஸ்திரி. வேலையில அவரு சொன்னா நான் கேக்கணும். அன்னிக்கு நான் வான்னேன், வந்தாரு. அத சும்மான்னு சொல்லிட்டு உங்க கம்பெனியில வந்து ஃபுல்பேக்கு நின்னா, வாயத் தொறக்க வருமா சார் எனக்கு?"

எனக்குத் திட்ட வேறு வார்த்தை இருந்தது. அதை விட்டுவிட்டு, "டீ குடிக்கிறியா?" என்றேன்.

வேலை இம்தியாஸுக்குப் போயிற்று. அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. அவனும் அப்பருக்கு ஆகிற தோல்தான். ஆர்டரை வாங்க வந்த அன்று என் மேசைக்கு முன்னால் தயங்கி நின்றான். "சார், இது தணிகாவுக்கு வரவேண்டியதுன்னு பேசிக்கிறாங்களே" என்றான். "அவனே வேணாம்னுட்டான்பா" என்றேன். "வேணாம்னு சொல்லல சார். விசாரிச்சேன்" என்றான் இம்தியாஸ். அவன் சட்டைக்கு மட்டுமல்ல, மனசுக்கும் மடிப்புக் கலையாது என்று நினைத்திருந்தேன். அன்று கலைந்திருந்தது.

லீக் முடிந்ததும் கோப்பை வென்ற அணிக்கும் மற்ற அணிகளிலிருந்து பொறுக்கிய ஒரு கலவை அணிக்கும் காட்சி ஆட்டம் நடப்பது வழக்கம். அந்த வருஷம் கலவை அணியைக் கமால் பாயே பொறுக்கினார். ரைட் பேக் இம்தியாஸ். லெஃப்ட் பேக் தணிகைவேல். அவர் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. அன்று மட்டும் நானும் நாற்காலியை விட்டு எழுந்து, அவருக்குப் பக்கத்தில் கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல எதுவுமே இல்லை என்பதுதான் விசேஷம். எங்கள் பக்கம் எதுவும் நடக்கவில்லை. தணிகா, "இம்து, உள்ள!" என்பான், இம்தியாஸ் திரும்பிப் பார்க்காமலே உள்ளே வருவான். எதிரி வருவான், வழியைத் தேடுவான், தேடிக்கொண்டே இருக்கும்போது பந்து அவன் மட்டையிலிருந்து இம்தியாஸின் மட்டைக்குப் போயிருக்கும். கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்துகொண்டு கொட்டாவி விட்டார். பார்க்க வந்த கூட்டத்தில் பாதி பேர் எங்கள் பக்கம் ஒன்றும் நடக்கவில்லையே என்று எதிர்க் கோலுக்குப் போய்விட்டார்கள். நானும் கமால் பாயும் மட்டும் அங்கேயே நின்றோம். வெயில் ஏறி, நிழல் சுருங்கி, காலடிக்கு வந்துவிட்டது. பாய் கையைத் தட்டவே இல்லை.

ஆட்டம் முடிந்து வந்த இம்தியாஸ், "சார், எங்க நிக்கணும்னு இன்னிக்கு நான் யோசிக்கவே இல்ல" என்றான். அவன் சட்டையில் மண்.

அதற்குப் பிறகு அந்த இருவரும் சேர்ந்து ஆடவில்லை. தணிகைவேலின் கான்ட்ராக்ட் முடிந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் இடத்தில் சேர்ந்தான். வேறு யூனிட்டில் ஏதாவது ஏற்பாடு செய்கிறேன், இங்கேயே இரு என்று நானும் பாயும் சொல்லிப் பார்த்தோம். அக்கா கல்யாணம் காத்திருக்காது என்றான். எப்போதாவது போன் செய்வேன்.

"அங்க ஹாக்கி உண்டாப்பா?"

"இங்க கிரிக்கெட்டுதான் சார், ரப்பர் பால்ல."

"நீ ஆடுறியா?"

"அம்பயரா நிக்கச் சொல்றாங்க. ஆளு எடம் மாறி நின்னா கத்திடறேன். அம்பயர் கத்தக் கூடாதாம் சார், திட்டுறாங்க."

பிறகு அவன் எண் மாறிவிட்டது. கமால் பாய் ஓய்வு பெற்று மகளோடு பெங்களூருக்குப் போய்விட்டார். அங்கே அவர் வீட்டில் வடக்கு ஜன்னல் இல்லையாம். மகளிடம் அதைப் பற்றித் தினமும் புகார். இம்தியாஸ் இப்போது கட்டிங் பிரிவில் சூப்பர்வைசர். கம்பெனிக்காக நிறைய வருஷம் நன்றாக ஆடினான். முழங்கால் பத்திரமாக இருக்கிறது. நிர்வாகத்துக்குத் திருப்தி.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துக்குப் போகிறேன். நாற்காலி போடுகிறார்கள், உட்காருவதில்லை. தெற்குக் கோலுக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன். இப்போது ஆடும் பிள்ளைகள் வேகம். உடம்பும் நன்றாக வைத்திருக்கிறார்கள். ஒரு குறையும் சொல்ல முடியாது, சத்தம் இல்லை என்பதைத் தவிர. பந்து ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, நான் இன்னொரு பக்கம், யாரோ விட்டுவிட்டுப் போன காலித் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இப்போது யாராவது கத்துவார்கள், இதோ இப்போது, என்று நெஞ்சு தயாராகிறது. யாரும் கத்துவதில்லை.

போன வாரம் பொறுக்க முடியவில்லை. லெஃப்ட் பேக் பந்துக்குப் பின்னாலேயே போய்விட்டான். அவன் இடம் பெரிதாகத் திறந்து கிடந்தது. எதிரி அதைப் பார்ப்பதற்குள் நான் பார்த்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சரியான நேரத்தில் பார்த்துவிட்டேன்.

"ண்ணா! பந்த வுடு! உள்ள வா!"

என் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. அந்த லெஃப்ட் பேக்குக்கு என் மகன் வயது. திடுக்கிட்டு நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோல் விழுந்தது.

கோல்கீப்பர் வலைக்குப் பின்னால் வந்தான். கோபப்படவில்லை. கவசத்தைத் தூக்கி என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "யார சார் கூப்ட்டீங்க?" என்றான்.

கிழிந்த வலை வழியாக உருண்டு வந்து என் காலடியில் கிடந்த பந்தைக் குனிந்து எடுத்தேன். முழங்கால் வலித்தது. அவன் கையில் கொடுத்தேன்.